நாற்பத்தைந்தில் நின்ற குளிர்

ஜெர்சன் காலையில் ஐந்தே முக்காலுக்கு எழுந்திருப்பான். பல் தேய்ப்பான். பால் காய்ச்சி டீ போடுவான். டீ ஆறுகிற நேரத்தில் இரண்டு ஸ்வெட்டர்களை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டு, படுக்கையறைக் கதவை ஒரு சாண் திறந்து, உள்ளே தொங்கும் கம்பியின் நுனியில் படிந்த பனியைத் துடைத்துவிட்டு, வெளியே இருக்கும் குளிரளக்கும் மீட்டரைப் பார்ப்பான். மைனஸ் நாற்பத்தைந்து. அதைக் காலண்டரில் அன்றைய கட்டத்தில் பென்சிலால் எழுதுவான். கதவைச் சாத்திக் கீழிடுக்கில் போர்வையைச் சுருட்டி அடைப்பான். டீயைக் குடித்து, குளித்து, ஆறு ஐம்பதுக்குப் படியிறங்கினால் கீழ்வீட்டுக் கனகவல்லி அக்கா வாசலில் இட்லிப் பொட்டலம் ஒன்றை நீட்டுவாள். அதை வாங்கிக்கொண்டு கேம்ப் ரோட்டில் ஷேர் ஆட்டோ, தாம்பரத்தில் செங்கல்பட்டு வண்டி. மறைமலை நகரில் இறங்குவதற்குள் சட்டை முதுகோடு ஒட்டியிருக்கும். பிப்ரவரி பத்தொன்பதாம் தேதியிலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரை சேலையூரில் அந்த மாடிவீட்டின் காலைகள் இப்படியே போயின. அந்த அறையில் ஏசி கிடையாது. எப்போதும் இருந்ததில்லை.

கல்யாணமான மூன்று வருடமும் அது அவனுக்கும் ஆஷாவுக்கும் படுக்கையறையாக இருந்தது. ஆஷா பள்ளிக்கரணைப் பக்கம் ஓர் ஆராய்ச்சி அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே முனைவர் பட்டத்துக்கும் எழுதிக்கொண்டிருந்தாள். இருபத்தொன்பது வயது. நவம்பர் மழையில் காய்ச்சல் கண்டது, டெங்கு என்றார்கள். நான்காம் நாள் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஆறாம் நாள், ஒன்பதாம் தேதி சனிக்கிழமை காலை, அவள் இறந்துபோனாள். யார்மேலும் தப்பில்லை. டாக்டர்கள் செய்யவேண்டியதை எல்லாம் செய்தார்கள், ஒரு டாக்டர் படிக்கட்டில் உட்கார்ந்து அழுததைக்கூடப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஜெர்சன் அழவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த பிறகு அடக்கம் செய்தார்கள்.

அவர்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. பெட்டியை மூடுவதற்கு முன் போதகர் வீட்டாரைப் பார்த்து, போனவர் கடைசியாக என்ன சொன்னார் என்று கேட்பார். அதை வைத்துத்தான் அடக்கப் பிரசங்கம். ஆண்டவரைக் கூப்பிட்டுப் போனவர்கள் உண்டு, பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிப் போனவர்கள் உண்டு. ஒன்றும் சொல்லாமல் போனவர்களுக்கு வீட்டாரே நல்லதாக ஒன்றைச் சொல்லிவிடுவார்கள், போதகரும் கிளறமாட்டார். போதகர் ஜெர்சனைக் கேட்டார். வீட்டுக்குள்ளும் படியிலுமாக எண்பது பேர் நின்றிருந்தார்கள். 'கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்' என்று தொடங்கும், எல்லோருக்கும் மனப்பாடமான அந்த மேய்ப்பன் வசனத்தைச் சொன்னாள் என்று ஜெர்சன் சொன்னான். யோசித்துச் சொல்லவில்லை, நாக்கில் இருந்தது அதுதான். பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்ற ஆஷாவின் அம்மா சரோஜினி தலையை நிமிர்த்தி, "அதையா சொன்னா?" என்று கேட்டாள். "ஆமா அத்தை" என்றான். அதற்குப் பிறகு அவள் அழுகை கொஞ்சம் அடங்கியதை எல்லோரும் பார்த்தார்கள். அதனால் அந்தப் பொய் தங்கிவிட்டது.

முப்பதாம் நாள் ஜெபக்கூட்டத்துக்கு நினைவு அட்டை அடித்தார்கள். மேலே கல்யாணப் புடவையில் ஆஷா, கீழே 'கடைசி வார்த்தைகள்' என்று அந்த வசனம். கொடுத்தது போக மிஞ்சிய அட்டைக் கட்டைப் படுக்கையறைக் கட்டில்மேல் வைத்துவிட்டு ஜெர்சன் ஹாலில் படுத்தான். காலையில் அறைக்குள் போனபோது, கட்டிலருகே அவள் பாதி குடித்து வைத்திருந்த தண்ணீர் பாட்டில் உறைந்திருந்தது. கிறிஸ்துமஸுக்கு மைனஸ் பத்து. பொங்கலுக்கு மைனஸ் இருபத்தெட்டு. வீட்டுத் தெர்மாமீட்டர் வெடித்துப்போனதால், அவன் வேலை பார்க்கும் ரப்பர் கம்பெனியிலிருந்து ஒரு மீட்டர் கொண்டுவந்தான். அங்கே கார்களுக்கான ரப்பர் வளையங்களைக் குளிர்ப்பெட்டியில் வைத்து, விரிசல் விடுகிறதா என்று பார்ப்பது அவன் வேலை. அந்தப் பெட்டி மைனஸ் நாற்பதுக்குப் போக மூன்று மணிநேரம் உறுமும். இந்த அறை சத்தமே போடவில்லை. கூடவே உள்ளே இருட்டும் வந்தது. கிழக்குப் பார்த்த ஜன்னல்தான். வெயில் கம்பி வரைக்கும் வந்து அங்கேயே நின்றது. பல்பு எரியவில்லை. கதவைத் திறந்தால் ஹால் வெளிச்சத்தில், காற்றில் பொடிப்பொடியாகப் பனி இறங்குவது தெரியும். கொடியில் அவள் காயப்போட்ட துப்பட்டா பலகை மாதிரி விறைத்து நின்றது. சில சமயம் உள்ளே, வெகு தூரத்தில், கண்ணாடி பிளக்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்கும். பத்துக்குப் பன்னிரண்டு அறையில் அவ்வளவு தூரம் எங்கிருந்து வந்தது என்று ஜெர்சன் பார்க்கப் போகவில்லை.

வீட்டுக்காரர் சம்பந்தம், அந்தத் தெருவே நெல்வயலாக இருந்த காலத்தில் அதற்கு வரப்பு கட்டிய குடும்பம். அவர் வந்து சுவரைத் தடவிப் பார்த்து, ஏசி மெக்கானிக் பாலுவை அனுப்பிவைத்தார். பாலு டூல்ஸ் பையோடு வந்து கதவைத் திறந்தான். மூடினான். புருவத்தில் பனி ஒட்டியிருந்தது.

"சார், அவுட்டோர் யூனிட் எங்க கீது?"

"இல்ல."

"இன்டோர்?"

"அதுவும் இல்ல."

"அப்ப நான் இன்னாத்த சார் சர்வீஸ் பண்றது?" என்றான் பாலு. மறுபடி ஒருமுறை கதவிடுக்கில் மூக்கை நீட்டினான். "கூலிங்கு மட்டும் செம்ம சார். கம்பெனிக்காரன் பாத்தான்னா கண்ணுல ரத்தம் வரும். ஆனா இது நம்ம டிபார்ட்மென்ட் இல்ல." செருப்பைப் போட்டுக்கொண்டே, பெரிய கறிக்கடை ஏதாவது வாடகைக்குக் கேட்டால் விட்டுவிடாதீர்கள் என்றும் சொல்லிவிட்டுப் போனான்.

கனகவல்லி அக்காவுக்குத்தான் கஷ்டம். அவள் சமையலறை நேராக அந்த அறைக்கு அடியில் இருந்தது. விடிவதற்கு முன் மூன்று அடுப்பிலும் இட்லிக் குண்டான்களை ஏற்றிவிடுவாள். கேம்ப் ரோட்டில் நாலு கடைக்கும் ஒரு ஆபீஸ் கேன்டீனுக்கும் அவள் இட்லிதான் போகும். ஆவி மேலே போய், சில்லென்ற தளத்தில் பட்டு, மழையாக அவள் தலையிலேயே கொட்டியது. "இன்னாப்பா ஜெர்சனு, மேல இன்னா பண்ணிகினு கீற?" என்று படியில் மறித்துக் கேட்டாள். "குண்டான்ல நான் ஊத்தற தண்ணி பாதி, உன் வூட்லேந்து ஊத்தற தண்ணி பாதி. இட்லிய பிச்சா உள்ள குளம் கீது."  அவள் பெரிய தார்ப்பாய் ஒன்றை வாங்கிக் கூரைக்குக் கீழே கட்டிக்கொண்டாள். சித்திரை வெயிலில் மாடியேறி வந்து, மாவுத் தூக்கை ஹாலில் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். புளிக்கவே இல்லை என்று ஒரு வாரத்தில் திரும்ப எடுத்துக்கொண்டாள். அந்தக் கோடையில் தெருவில் பாதிப்பேர் மத்தியானம் வந்து ஹால் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். துக்கம் நடந்த வீடு என்பதால் சத்தம் போட்டுப் பேசமாட்டார்கள்.

பிப்ரவரி பத்தொன்பதாம் தேதி மைனஸ் நாற்பத்தைந்து ஆனதும் குளிர் நின்றது. மறுநாளும் நாற்பத்தைந்து. மார்ச்சிலும் நாற்பத்தைந்து. இந்த எண்ணை ஜெர்சன் முன்பே கேட்டிருந்தான். ஆஷாவின் ஆராய்ச்சியே அதுதான். துருவத்தின் குளிர்கால வானத்தில் பலூன் விட்டு எடுத்த நாற்பது வருடக் கணக்குகளை வைத்துக்கொண்டு, அவள் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தாள். கல்யாணமான புதிதில் வேளச்சேரியிலிருந்து தாம்பரம் வரும் பஸ்ஸில், நின்றுகொண்டு, கம்பியைப் பிடித்த கையோடு அதை அவனுக்கு விளக்கினாள்.

"மாசக்கணக்கா சூரியனே இல்ல. இருக்கிற சூடெல்லாம் வானத்துக்குப் போயிட்டே இருக்கு. அப்ப ஒவ்வொரு நாளும் இன்னும் இன்னும் குளிரா ஆகணும்ல? ஆகறதில்ல. அஞ்சரை கிலோமீட்டர் மேல மைனஸ் நாப்பத்தஞ்சு வரைக்கும் எறங்குது. அப்புறம் அங்கயே நின்னுடுது. அதுக்குக் கீழ போனா ஏதோ ஒண்ணு புடிச்சு மேல தூக்குது."

"யாரு தூக்கறா?"

"நீ சொல்லு."

"எறங்கற எடம் வந்துடுச்சு, நீயே சொல்லிடு."

"கடல்" என்றாள். "எவ்ளோ பனி மூடினாலும் எங்கயாவது ஒரு பக்கம் கடல் தெறந்திருக்கும். உப்புத் தண்ணி, மைனஸ் ரெண்டுக்குக் கீழ அதால போகமுடியாது. உறைஞ்சிடும். குளிர்ந்த காத்து அந்தத் தண்ணி மேல வரும்போது அடியிலேந்து சூடும் ஈரமும் குபுகுபுன்னு ஏறும். ஏறின ஈரம் மேல போய் பனியாகும்போது அதுல இருக்கிற சூட்டையும் குடுத்துடும். அதான் கணக்கு. கடல் ரெண்டுல நிக்கிற வரைக்கும் காத்து நாப்பத்தஞ்சுல நிக்கும்." பக்கத்தில் கறிவேப்பிலைக் கட்டோடு நின்ற அம்மாள், "கடலு அவ்ளோ நல்லதாம்மா?" என்று கேட்டாள். ஆஷா, "சில நேரம்மா" என்றாள்.

குளிர் நின்றுபோனது ஜெர்சனுக்குப் பிடிக்கவில்லை.  அவன் வேலைக்குப் போனான். சம்பளம் வந்தது. மார்ச் மாதம் ஒருநாள், கம்பெனியில் யாரோ சொன்ன ஜோக்குக்குச் சிரித்துவிட்டான். தன்னுடைய துக்கமும் எங்கேயோ ஒரு தரையைத் தட்டி நின்றுவிட்டது, அதற்குக் கீழே இறங்க மறுக்கிறது என்று அவனுக்குத் தெரிந்தது. ஆஷாவுக்கு இந்தத் துக்கம் போதாது என்று அவனுக்குத் தோன்றியது. கம்பெனியிலிருந்து ரப்பர் பட்டை கொண்டுவந்து கதவின் நாலு பக்கமும் ஒட்டினான். ஜன்னலுக்குக் கம்பளி அடித்தான். வடதுருவத்தில் மார்ச்சில் சூரியன் வந்துவிடும் என்று ஆஷாவின் நோட்டில் இருந்தது. இந்த அறைக்கு வரவில்லை. ஆனாலும் காலண்டரில் கட்டத்துக்குக் கட்டம் நாற்பத்தைந்துதான் விழுந்தது.

சரோஜினி ஊரப்பாக்கத்தில் தனியாக இருந்தாள். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள், கணவர் முன்பே போய்விட்டார், ஆஷா ஒரே பெண். ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் செய்வாள். அந்த வசனத்தை நினைத்தால்தான் தூக்கம் வருகிறது என்பாள். சபையின் பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் அதைச் சாட்சியாகச் சொன்னாள். பொழிச்சலூரில் கணவனை இழந்த ஒருத்திக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். ஒவ்வொரு தடவையும், "சரியாத்தானே சொன்னேன் தம்பி?" என்று கேட்பாள். ஜெர்சன், "சரிதான் அத்தை" என்பான். ஆஷா உண்மையில் சொன்னது வேறு. அது அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். அதைத் தினம் ஒருமுறை, செங்கல்பட்டு வண்டியின் ஜன்னலோரம், அவள் குரலிலேயே மனதுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொள்வான். வேறு யாருக்கும் சொல்லாவிட்டாலும் அது இருக்கிறது என்பது அவனுக்குப் போதுமாக இருந்தது. ஆகஸ்டில் சரோஜினி, முதல் வருட நினைவுக்குள் கல்லறை கட்டிவிடலாம் என்றாள். பம்மலில் கல் சொல்லியாயிற்று. கறுப்புக் கல். பெயர், இரண்டு தேதிகள், கீழே அவள் சொன்ன வசனம். ஜெர்சன் சரி என்றான்.

அக்டோபர் பதினான்காம் தேதி கனகவல்லி அக்கா பெட்டியோடு வாசலில் நின்றாள். வாலாஜாவில் மகளுக்குப் பிரசவ நாள் நெருங்கிவிட்டது, ஒரு மாதம் ஆகும். சாவியை ஜெர்சன் கையில் அழுத்தினாள். "கேஸு மூடிட்டேனான்னு ஒருக்கா பாத்துக்க. குண்டான எவ வந்து கேட்டாலும் குடுத்துடாத, திரும்பி வராது." ஆட்டோவில் ஏறிக்கொண்டே மாடியை ஒருமுறை பார்த்தாள். "எம்மாம் நாளுக்குத்தான் அந்த ரூமுக்குக் காவல் காத்துகினு இருப்ப? உள்ள இன்னா புதையலா கீது?"

பதினாறாம் தேதி காலை மீட்டர் மைனஸ் நாற்பத்தாறு காட்டியது. ஜெர்சன் கம்பியை இரண்டுமுறை துடைத்துப் பார்த்தான். பதினேழாம் தேதி நாற்பத்தேழரை. பதினெட்டாம் தேதி காலண்டர் முன்னால் நின்றபோது, கீழ்வீடு பூட்டிய தேதியும் இறங்க ஆரம்பித்த தேதியும் ஒரே ஒரு கட்டம் தள்ளி இருப்பது தெரிந்தது. எட்டு மாதமாகக் கடல் எங்கே இருந்தது என்பதும் தெரிந்தது. சாவி ஆணியில்தான் தொங்கியது. இறங்கிப்போய் அடுப்பைப் பற்றவைக்க இரண்டு நிமிடம் ஆகாது. அவன் ஐம்பது எப்போது வரும் என்று காத்திருந்தான். ஐம்பது வந்தது. ஐம்பத்தைந்து வந்தது. ரப்பர் பட்டை விறைத்து உதிர்ந்தது, பனி கதவுக்கு அடியில் நாக்கை நீட்டி ஹாலுக்குள் வந்தது. டீ ஆறக் காத்திருக்கத் தேவையில்லாமல் போனது, பிறகு டீயே போடாமல் விட்டான். காலைப் பொட்டலம் இல்லாததால் காலையில் சாப்பிடுவதும் நின்றது. உடம்புக்கு லேசாக இருந்தது. இப்போதுதான் ஆஷாவுக்குச் சரியானதைச் செய்கிறோம் என்று நினைத்தான்.

அப்புறம் பொருள்கள் காணாமல் போக ஆரம்பித்தன. வீட்டிலிருந்து அல்ல. ஐம்பத்தேழு அன்று ஆஷாவின் தலைமுடியில் என்ன வாசனை என்று நினைத்துப் பார்த்தான், வரவில்லை. ஐம்பத்தெட்டில் அவள் மாடியேறி வரும் காலடி போனது. இடது செருப்பு சற்று இழுபடும் என்று தெரியும், ஆனால் அது ஒரு தகவலாகத்தான் இருந்தது, சத்தமாக இல்லை. ஐம்பத்தொன்பதில், அவள் கோபம் வந்தால் எந்தக் கையால் நெற்றியைத் தேய்ப்பாள் என்பது போனது. அக்டோபர் முப்பத்தொன்றாம் தேதி, மைனஸ் அறுபத்தொன்று, ரயிலில் வழக்கம்போல் அவள் கடைசியாகச் சொன்னதை மனதுக்குள் ஓட்டினான். அவள் குரலில், அவள் வாயசைவோடு, மேய்ப்பன் வசனம் வந்தது. அடித்துத் திருத்தி மறுபடி ஓட்டினான். மறுபடியும் அதுவே வந்தது. வருடம் முழுக்க நூறு பேரிடம் சொல்லிச் சொல்லிக் கெட்டிப்பட்ட அந்தப் பொய், உண்மை இருந்த இடம் வரை உறைந்து மூடிவிட்டது. அடியில் ஒன்று இருந்தது என்பது மட்டும் ஞாபகம் இருந்தது. ஜெர்சன் மறைமலை நகரில் இறங்கவில்லை. செங்கல்பட்டு வரை போய், வண்டி காலியான பிறகும் உட்கார்ந்திருந்தான். வருடத்தில் முதல்முறையாக அவனுக்குப் பயம் வந்தது. அங்கே இருக்கும்போதுதான் பம்மலிலிருந்து போன். திங்கட்கிழமை எழுத்து வெட்டுகிறோம் சார், வாசகத்தை ஒருதடவை உறுதி செய்துவிடுங்கள் என்றார்கள்.

மறுநாள் சனிக்கிழமை காலை எட்டு மணிக்குச் சரோஜினி வந்தாள். ஹாலில் கால் வைத்ததும் புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"வீடா இது, மீன் மார்க்கெட் ஐஸ் ரூமா?"

உட்கார்ந்து பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். கல்லில் வரப்போகிற எழுத்துகளை அவளே ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு எழுதியிருந்தாள். ஜெர்சன் படித்தான். பிழை ஒன்றுமில்லை. திருப்பி நீட்டினான். அவள் வாங்கவில்லை.

"ஒண்ணு கேக்கணும் தம்பி. ஒரு வருஷமா கேக்கல. கல்லுல வெட்டிட்டா அப்புறம் கேக்கமுடியாது." மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் புடவையில் துடைத்தாள், அதில் படிந்த பனிமூட்டம் போகவில்லை. "அந்த வசனம் அவளுக்கு வரவே வராது. சண்டே ஸ்கூல்ல மூணு வருஷம் அதாலயே பரிசு போச்சு. நடுவுல ஒரு வரியை முழுங்கிட்டு நேரா கடைசிக்குத் தாவிடுவா. நான் ஸ்கேலாலயே அடிச்சிருக்கேன். அவ அதைச் சொன்னாளா, இல்ல எனக்காக நீங்க சொன்னீங்களா?"

"நான்தான் சொன்னேன் அத்தை."

"ம்." அவள் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டாள். "அன்னிக்கே எனக்கு ஒரு சந்தேகம். ஆனா நம்பினேன். நம்பாம அன்னிக்கு ராத்திரி எப்படிப் போயிருக்கும்னு தெரியல. சரி, போகட்டும். என்னதான் சொன்னா?"

ஜெர்சன் தாளைத் தரையில் வைத்தான்.

"மறந்துபோச்சு."

"மறந்துபோச்சா?"

"முந்தாநாள் வரைக்கும் இருந்துச்சு அத்தை."

சரோஜினி கத்துவாள் என்று எதிர்பார்த்தான். அவள் எழுந்து காலண்டரிடம் போனாள். நாற்பது வருடம் பிள்ளைகளின் கணக்கு நோட்டைத் திருத்திய கண். ஒரு பக்கத்தைப் பார்த்தால் எந்த வரியில் தப்பு ஆரம்பித்தது என்று தெரிந்துவிடும். "இதுவரைக்கும் ஒரே நம்பர்" என்று பதினைந்தாம் தேதியில் விரலை வைத்தாள். "இங்கேருந்து ஏன் எறங்குது?"

"கீழ்வீடு பூட்டியிருக்கு. அவங்க அடுப்புச் சூடுதான் இதைத் தாங்கிட்டு இருந்துச்சு."

"சாவி?"

ஆணியைக் காட்டினான்.

"எத்தனை நாளா தெரியும்?"

"ரெண்டு வாரமா."

"தெரிஞ்சும் ஏன் பத்தவைக்கல?"

"இன்னும் எறங்கட்டும்னு விட்டுட்டேன்."

அவள் அவனை முதல்முறை பார்ப்பதுபோல் பார்த்தாள். "எம்பொண்ணு செத்ததுக்கு நாப்பத்தஞ்சு பத்தலையா உங்களுக்கு?"

"பத்தல."

"எனக்கும்தான் பத்தல" என்றாள் சரோஜினி. "ஆனா நான் தினம் ரெண்டு வேளை உலை வைக்கிறேன். வேதக்கோயில்ல பாக்கிறவங்க, பாவம் ஒத்தையாளுக்கு எதுக்கு சமையல்னு கேக்கறாங்க. வெச்சாதான் பொழுது நகருது." ஆணியிலிருந்து சாவியை எடுத்து அவன் கையில் வைத்தாள். "போங்க. நான் இந்த மீட்டரைப் பாத்துக்கறேன். எனக்கு முட்டி வலி, படி எறங்கமுடியாது."

கனகவல்லியின் சமையலறைத் தளம் வெள்ளை வெளேரென்று பூத்திருந்தது. தார்ப்பாய் கண்ணாடித் தகடுபோல் நின்றது. ஜெர்சன் மூன்று குண்டான்களிலும் தண்ணீர் நிரப்பினான். குழாய் முதலில் இருமியது, பிறகு வந்தது. மூன்று அடுப்பையும் பெரிதாக வைத்தான். பதினைந்து நிமிடத்தில் ஆவி கிளம்பியது. தார்ப்பாயை அவிழ்த்துவிட்டான். ஆவி நேராக மேலே போய்த் தளத்தில் முட்டி, கான்கிரீட்டுக்குள் ஈரத்துணிக்குள் போவதுபோல் போனது. ஒரு சொட்டும் கீழே விழவில்லை. மேலே ஏதோ ஒன்று முனகிப் புரண்டது. மாடிப்படி வழியாகச் சரோஜினியின் குரல், வகுப்பில் வருகைப்பதிவு எடுக்கிற அதே குரல், வந்தது. "அறுபது." கொஞ்சம் பொறுத்து, "அம்பத்தொம்பது." ஜெர்சன் குண்டானில் குறைந்த தண்ணீரை நிரப்பிக்கொண்டே இருந்தான். "அம்பத்தேழு" என்றபோது, ஆஷாவின் தலைமுடியில் சீயக்காயும் பஸ் தூசியும் சேர்ந்த வாசனை அவன் முகத்தில் வந்து மோதியது. "அம்பது." மேலே அறையில் பனி பெய்துகொண்டிருந்தது, அது பெய்கிற சத்தம் கீழே கேட்டது. "நாப்பத்தேழு. மெதுவா வருது. இன்னும் கொஞ்சம்." இழுபடும் செருப்பு மாடிப்படியில் நாலு படி ஏறி நின்றது, ஜெர்சன் எட்டிப் பார்க்கவில்லை. "நாப்பத்தஞ்சு" என்றாள் சரோஜினி. பிறகு வெகுநேரம் சத்தமில்லை. "நாப்பத்தஞ்சுலயே நிக்குது தம்பி. இதுக்கு மேல ஏறலயே!"

அது ஏறாது என்று அவனுக்குத் தெரியும். கையில் சொம்போடு நின்றபடியே அவன், ஆஷா கடைசியாகச் சொன்னதை முழுசாகக் கேட்டான். அடுப்பு ஒன்றைச் சிறிதாக்கினான். தரையில் உட்கார்ந்தான். ஒரு வருடத்துக்கு எட்டே நாள் குறைய, அவ்வளவு தாமதமாக அழுதான். முட்டிவலியோடு சரோஜினி ஒவ்வொரு படியாக இறங்கி வந்து வாசற்படியில் நின்றாள். அவன் அவளிடம் ஆஷா சொன்னதை, சொன்ன விதத்திலேயே சொன்னான். சரோஜினி அதைக் கேட்டுவிட்டு நிலையைப் பிடித்துக்கொண்டாள். சிரிக்கிறாளா என்று முதலில் தெரியவில்லை.

"போனீங்களா?" என்று கேட்டாள்.

"போனேன் அத்தை. ஆஸ்பத்திரிக்கு எதிர்லயே ஒரு ஓட்டல். மூணு நாளா சாப்பிடல. நல்லா இருந்துச்சு." அந்த வார்த்தைதான் வெளியே வரக் கஷ்டப்பட்டது. "ரொம்ப நல்லா இருந்துச்சு. அங்க அவ... நான் சட்னி ரெண்டாவது தடவ வாங்கிட்டு இருந்தேன். திரும்பி வந்தா ஸ்கிரீனை இழுத்து விட்டிருந்தாங்க. கைகூட கழுவல. எண்பது பேர் முன்னாடி இதைப் போதகர்கிட்ட எப்படிச் சொல்றது?"

"எத்தனை சாப்ட்டீங்க?"

"அஞ்சு."

"எல்லாம் சாதாவா?"

"மூணு சாதா, ரெண்டு மசால்."

சரோஜினி அந்தக் கணக்கை மனதில் போட்டுப் பார்ப்பவள்போல் தலையாட்டினாள். அப்புறம் சுவரைப் பிடித்தபடி உள்ளே வந்து, பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவன் முதுகில் கை வைத்தாள். 

திங்கட்கிழமை பம்மலில் பெயரும் இரண்டு தேதிகளும் மட்டும் வெட்டினார்கள். பாதிக் கல் காலியாக இருக்கிறதே மேடம், பார்வைக்கு ஒரு வசனம் போட்டுவிடலாமே என்று அவர்கள் கேட்டதற்கு, காலியாகவே இருக்கட்டும் என்றாள் சரோஜினி. நினைவு நாளன்று போதகர் பழைய அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்தபோது, அவள் முன்வரிசையிலிருந்து, அதில் அச்சானது தவறு, சரியானது வீட்டு விஷயம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். சபையில் கொஞ்சம் முணுமுணுப்பு இருந்தது. பொழிச்சலூர்க்காரி மட்டும் வந்து, எனக்கு அந்த வசனம் உதவினது உண்மைதானே அக்கா என்று கேட்டாள். உண்மைதான் என்றாள் சரோஜினி.

கனகவல்லி அக்கா நவம்பர் மூன்றாம் வாரம் பேத்தி பிறந்த செய்தியோடும், ஒரு தூக்கு நிறைய இனிப்போடும் திரும்பி வந்தாள். சிலிண்டரைத் தூக்கிப் பார்த்துவிட்டு, என் கேஸில் எவன் குளிர் காய்ந்தான் என்று தெரு கேட்கக் கத்தினாள். ஜெர்சன் புது சிலிண்டர் கொண்டுவந்து இறக்கினான். தளம் மறுபடி சொட்ட ஆரம்பித்தது, அவள் தார்ப்பாயை மறுபடி கட்டினாள். சம்பந்தம் அடுத்த வாடகை ஒப்பந்தத்தில் 'ஒரு ஹால், ஒரு சமையலறை, ஒரு குளிர் அறை' என்று எழுதிக் கையெழுத்து வாங்கினார். அறை இன்றைக்கும் மைனஸ் நாற்பத்தைந்துதான். அதற்குமேல் ஏறுவதில்லை, கீழே இறங்குவதில்லை. மீட்டரைக் கம்பெனியில் திருப்பிக் கொடுத்தாயிற்று. பார்க்கத் தேவையில்லை. தெருவில் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை; புதிதாகக் குடிவருகிறவர்கள் கேட்டால், அது அந்தத் தம்பியின் சம்சாரம் இருந்த அறை என்பார்கள், கேட்டவர்களும் அதோடு திருப்தியாகிவிடுவார்கள்.

நவம்பர் ஒன்பதாம் தேதி காலை எட்டு இருபதுக்கு, ஆக்சிஜன் மாஸ்க்கை ஒரு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஆஷா அவனிடம் சொன்னது இதுதான்: "போய் சாப்ட்டு வா ஜெர்சன். என்னைச் சாக்கா வெச்சுக்கிட்டு ரெண்டு தோசையோட எந்திரிச்சு வந்துடாத."